ஜெயச்சந்திரன் வீட்டு ரேடியோ

"எனக்க மாப்பிள்ள தீ வைக்கல்ல சாரே. நாளைக்கு அவர திருவனந்தபுரம் ஜெயிலுக்குக் கொண்டு போவினும். நெஞ்சுவலிக்காரராக்கும், அடி தாங்கமாட்டாரு."

பாறசாலை வக்கீல் ஞானசிகாமணியின் வாசலில் நின்று ஜெபகுமாரி அழுதாள். தமிழ்ப் பகுதிகளைத் தமிழ்நாட்டோடு சேர்க்கக் கேட்ட எல்லைப் போராட்டம் கொதித்துக்கொண்டிருந்த காலம். முந்தின நாள் மாலை ஆறு மணிக்கு ஊர் வாசகசாலை எரிந்தது. ஊர்வலங்களில் தொண்டை கிழியக் கோஷம் போடுகிற அவள் புருஷன் நேசையனைப் போலீஸ் தூக்கிக்கொண்டு போனது. ஏன் என்று கேட்க ஆளில்லை.

குமாஸ்தா சோமனுக்குக் கை துறுதுறுத்தது. "வாசகசாலைக்கு எடம் குடுத்தது ஜெயச்சந்திரனுக்க அப்பன். கட்டடம் போனா எடம் மவனுக்குத் திரும்பிவரும். அவராக்கும் வச்சிருப்பாரு!"

"அந்த நேரம் அவரு வீட்டில ரேடியோ கேட்டிட்டு இருந்தாராமே. பாடினத தெருவே கேட்டிருக்கு," என்றார் வக்கீல்.

இருவரும் போனபோது ஜெயச்சந்திரன் வீட்டில் உபசாரத்துக்குக் குறைவில்லை. அந்தத் தெருவில் கரண்டு வந்த வீடே அது ஒன்றுதான். ரேடியோ சுவிட்சுக்கு மேலே ஓர் அலாரக் கடிகாரம்; அதன் முதுகுச் சாவியில் நூல். சோமன் உற்றுப் பார்த்ததும் அவரே பெருமையாகச் சொன்னார்.

"காலம்பற பாட்டுக்கு உள்ள வித்தை. மணி அடிக்கும்போ சாவி சுத்தும், நூலு சுருண்டு சுவிட்ச இழுக்கும். நேத்து சாயங்காலம் கையாலதான் போட்டேன். பக்கத்த விட்டு எழும்பவே இல்ல."

வெளியே வந்ததும் சோமன் குதித்தான். "பிடிச்சாச்சு சாரே!"

"செய்யலாம்ங்கது வேற, செஞ்சாருங்கது வேற. கடிகாரம் சாட்சி சொல்லாது," என்று சொல்லிவிட்டு வக்கீல் அடுத்த வீட்டில் நுழைந்தார். அது துக்க வீடு. விஜயம்மாவின் அண்ணன் சதாசிவன் நேற்று ஆஸ்பத்திரியில் திடீரென்று இறந்து, நாலு மணிக்குத்தான் சவம் வந்து, அந்திக்கே எடுத்திருந்தார்கள். இந்த அவசரத்தில் துக்கம் விசாரிப்பா என்று சோமனுக்கு எரிச்சலாக வந்தது.

"அண்ணன ஜெயச்சந்திரனுக்க வாசல்வழிதான் ஆறு மணிக்குக் கொண்டு போனோம்," என்றாள் விஜயம்மா. "ரேடியோ பாடிட்டே இருந்து சாரே. சாவு போவும்போ பாட்ட நிப்பாட்டாத வீடு இந்த ஊரில உண்டா? ஒண்ணா படிச்ச கூட்டுக்காரனாக்கும். எட்டிக்கூடப் பாக்கல்ல."



அன்று சாயங்காலம் வக்கீல் போலீஸ் ஏட்டையும் விஜயம்மாவையும் கூட்டிக்கொண்டு ஜெயச்சந்திரன் வீட்டுக்குப் போனார். ஜெபகுமாரி வாசலிலேயே நின்றுகொண்டாள்.

"ரெண்டில ஒண்ணு," என்றார். "நீங்க ரேடியோ பக்கத்தில இருந்துகிட்டே, கூட்டுக்காரனுக்க சவம் போவும்போ பாட்டு கேட்டீங்க. இல்லெங்கி நீங்க வீட்டில இல்ல, கடிகாரம் போட்ட பாட்டாக்கும் அது. கடிகாரத்துக்குச் சாவு தெரியாது. எதுண்ணு இந்தப் பெண்ணுக்க முகத்தப் பாத்துச் சொல்லுங்க."

இருந்தேன் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், தப்பிவிடலாம். சொல்லத்தான் போகிறார் என்று சோமன் நினைத்தான். ஜெயச்சந்திரன் விஜயம்மாவைப் பார்த்தார்.

"மூணு மணிக்கே கடிகாரத்த வச்சிட்டு வாசகசாலைக்குத் தீ வைக்க இறங்கினேன். சதாசிவன் செத்தது அப்போ எனக்குத் தெரியாது. நான் வீட்டில இருந்திருந்தா அது பாடியிருக்குமா, மக்கா?"

விஜயம்மா வாய்விட்டு அழுதாள். ஜெயித்த சந்தோஷம் சோமனுக்கு வரவேயில்லை. ஏட்டு தொப்பியை எடுப்பதற்குள் ஜெபகுமாரி ஸ்டேஷனைப் பார்த்து ஓடத் தொடங்கியிருந்தாள்.