கபிபராவின் தலையில் கமலா ஆரஞ்சு

எங்கள் கடைத்தெருவுக்குக் கூரை உண்டு. மழைக்காலத்தில் ஒசாகா நகரமே நனையும், நாங்கள் மட்டும் நனைய மாட்டோம். தலைக்கு மேலே மழை தாளம் போடும். கீழே நாங்கள் பாட்டுக்குப் பேரம் பேசிக்கொண்டிருப்போம்.

இந்தக் கூரைக்கு அடியில்தான் ஷிமோடா இருபது வருடமாகக் குடைக்கடை நடத்துகிறார். நனையாத தெருவில் குடை விற்றுப் பிழைக்கிறார் என்றால் அவருடைய வாய் எப்படிப்பட்டது என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

என் கடை பழக்கடை. எதிரே ஃபுமியேயின் கடை. மாவுக்குள் ஆக்டோபஸ் துண்டு வைத்து உருண்டை உருண்டையாகச் சுட்டு விற்பாள். தெருக்கோடியில் தோகுராவின் வெந்நீர்க் குளியலகம். நடுவில் நிஷிவாக்கி அக்காவின் வண்ணக்கடை. அந்தக் கடையின் மாடியில்தான் ஜூலை மாதம் லுவானா வந்து தங்கினாள்.

அவளுக்குப் பதினொரு வயது. பிரேசிலிலிருந்து அப்பாவோடு வந்திருந்தாள். அப்பாவுக்கு இங்கே ஒரு தொழிற்சாலையில் இரண்டு வார வேலை. காலையில் அவர் கிளம்பிப் போய்விடுவார். தெருப் பிள்ளைகள் எல்லாம் பள்ளிக்கூடம் போய்விடுவார்கள். லுவானா தன் படநோட்டோடு தனியாக மாடியிலிருந்து இறங்கி வருவாள்.

அவள் ஜப்பானிய மொழி பேசுவாள். ஆனால் அதை அவளுக்குக் கற்றுக்கொடுத்தவர், சின்ன வயதிலேயே கப்பலேறிப் போன அவளுடைய கொள்ளுத்தாத்தா. அதனால் முதல் நாள் என் கடைக்கு வந்து, "வணிகரே, தாங்கள் நலம்தானா?" என்று கேட்டாள்.

நான் தராசைக் கீழே வைத்துவிட்டேன். "ஏம்மா, நீ விமானத்துல வந்தியா, பல்லக்குல வந்தியா?" என்றேன்.

அவள் சிரிக்கவில்லை. "விமானத்தில்தான் வந்தேன், ஐயா" என்று மரியாதையாகப் பதில் சொன்னாள்.

இங்கிருந்து ஒரே ஒரு பொருள் வாங்கிக்கொள்ளலாம் என்று அவளுடைய அப்பா சொல்லியிருந்தார். எதை வாங்குவது? நிஷிவாக்கி அக்காவின் கடையில் ஆட்டுமுடித் தூரிகைகள் வால் வாலாகத் தொங்கும். கண்ணாடியால் செய்த பேனாக்கள் வெளிச்சத்தில் மினுங்கும். அவற்றையெல்லாம் தாண்டிப் பின்சுவரில் நூற்றுக்கணக்கான குப்பிகள். கல்லை இடித்து அரைத்த வண்ணப்பொடிகள்.

லுவானா நீலக் குப்பிகளுக்கு முன்னால்தான் நின்றாள். எல்லாம் ஒரே நீலக்கல். கொரகொரவென்று இடித்தால் ஆழ்கடல் நிறம். இன்னும் கொஞ்சம் அரைத்தால் ஆறு. மேலும் மேலும் அரைத்தால் விடிகாலை வானம். ஒரு கல்லுக்குள் இத்தனை நேரங்கள் ஒளிந்திருப்பதைப் பார்த்துக்கொண்டே அவள் மதியச் சாப்பாட்டை மறந்துவிட்டாள். அக்கா இரண்டு முறை கூப்பிட்டும் காதில் விழவில்லை.

அந்தக் கடையில் இன்னொன்றும் உண்டு. கல்லாவுக்குப் பக்கத்தில் நீளமான வெள்ளைத் தாள் ஒன்று இருக்கும். பேனா வாங்க வருகிறவர்கள் அதில் எழுதிப் பார்ப்பார்கள். ஒருவர் சுருள் போடுவார், ஒருவர் தன் பெயரை எழுதுவார். சாயந்திரமானால் அக்கா அதைக் கிழித்துப் போட்டுவிடுவாள்.

லுவானா ஒரு கண்ணாடிப் பேனாவை மையில் தொட்டு, அந்தத் தாளின் ஓரத்தில் ஒரு கபிபராவை வரைந்தாள். பன்றி அளவுக்கு வளரும் எலி என்று வைத்துக்கொள்ளுங்கள். அவள் ஊர் ஆற்றங்கரையில் அவை கூட்டம் கூட்டமாக மேயுமாம். கோபமே வராத முகம். அந்த முகத்தைப் பார்த்த அக்காவுக்கு அன்று தாளைக் கிழிக்க மனசு வரவில்லை.

மறுநாள் காலையில் கபிபராவின் தலையில் ஒரு கமலா ஆரஞ்சு உட்கார்ந்திருந்தது.

லுவானாவுக்கு ஒன்றும் புரியவில்லை. தலையில் எதற்குப் பழம்? எங்கள் ஊர் மிருகக்காட்சிசாலையில் குளிர்காலத்தில் கபிபராக்களை வெந்நீரில் இறக்கி, தண்ணீரில் ஆரஞ்சு வகைப் பழங்களை மிதக்கவிடுவார்கள் என்று அக்கா சொன்னாள். எங்களுக்குக் கபிபரா என்றாலே குளியல்தான். அதைக் கேட்டு லுவானா அரைமணி நேரம் சிரித்தாள். ஜப்பானுக்கு வந்த பிறகு அவள் அப்படிச் சிரித்தது அதுதான் முதல் தடவையாம்.

அவள் கபிபராவுக்குப் பக்கத்தில் ஒரு குட்டியை வரைந்தாள். மறுநாள் இரண்டையும் சுற்றி ஒரு குளியல் தொட்டி வந்திருந்தது, மேலே மூன்று நெளிந்த கோடுகளாக ஆவி. அதற்கடுத்த நாள் தொட்டிக்குள் ஓர் ஆக்டோபஸ், ஒரு கண்ணைச் சிமிட்டிக்கொண்டு. பிறகு எல்லாருக்கும் மேலே ஒரு குடை.

லுவானா தினமும் கண் விழித்ததும் பல்கூடத் துலக்காமல் கீழே ஓடி வந்தாள். "எனக்கு இங்கே ஒரு தோழமை கிட்டிவிட்டது. என் வயதுதான் இருக்கும்" என்று அக்காவிடம் சொன்னாள். படுக்கையில் கிடந்து மழைச் சத்தத்தைக் கேட்கும்போது, அந்தத் தோழியின் முகம் எப்படி இருக்கும் என்று நினைத்துப் பார்ப்பாளாம். ஒரு நாள் சுருட்டை முடி வைப்பாள், ஒரு நாள் மூக்குக் கண்ணாடி.

இதற்குமேல் மறைத்துப் பயனில்லை. ஆரஞ்சை வரைந்தது நான். விலைச்சீட்டு எழுதத் தூரிகைப் பேனா வாங்கப் போனேன், கை சும்மா இருக்கவில்லை. தொட்டி தோகுரா போட்டது. ஆக்டோபஸ் ஃபுமியே. குடை யார் என்று சொல்லவே வேண்டாம். எங்கள் தெருக்காரர்கள் கனவு கண்டாலும் அதில் சொந்தச் சரக்குதான் வரும்.

சனிக்கிழமை காலை அவளுக்கு விமானம். வியாழக்கிழமை அவள் தாளின் அடியில் இப்படி எழுதிவைத்தாள்: 'நாளை மாலை நான்கு மணிக்கு இங்கே வருக. புறப்படும் முன் தங்களைக் காண விழைகிறேன்.'

அதே நாள்தான் அவள் தன் ஒரே பொருளையும் தேர்ந்தெடுத்தாள். ஆற்று நிறத்தில் ஒரு சின்ன நீலக் குப்பி. ஊருக்குப் போய்த் தன் ஆற்றை அந்த நிறத்தில் வரையப் போவதாகச் சொன்னாள்.

நாங்கள் நாலு பேரும் குளியலகத்தில் கூடினோம்.

"அவ சின்னப் பொண்ணை எதிர்பார்த்து நிக்கிறா. நான் போய் 'வணக்கம், நான்தான் உன் தோழி'ன்னு சொன்னா நல்லாவா இருக்கும்?" என்றார் தோகுரா. அவருக்கு அறுபத்தெட்டு வயது, தலையில் ஒரு முடி கிடையாது.

"உங்க தலையிலயும் ஒரு ஆரஞ்சு வச்சுக்கிட்டுப் போங்க, அண்ணே" என்றாள் ஃபுமியே.

சிரித்தோமே தவிர, யாருக்கும் மனசு சரியில்லை. அவள் தான் கற்பனை செய்த தோழியின் முகத்தோடே ஊருக்குப் போகட்டும் என்றால், நான்கு மணிக்கு யாரும் வராத கடையில் காத்து நிற்பாள். கடைசியில் ஃபுமியேயின் மகன் ரெய்ஜியை அனுப்புவது என்று முடிவாயிற்று. அவனுக்கும் பதினொரு வயது. படம் வரையத் தெரியாது, ஆனால் பேரம் தெரியும். ஒரு வாரம் மணிச்சட்ட வகுப்புக்கு, அதாவது மணிகளை நகர்த்திக் கணக்குப் போடும் வகுப்புக்கு, மட்டம் போடலாம் என்று அம்மாவைச் சம்மதிக்க வைத்த பிறகுதான் தலையாட்டினான்.

வெள்ளிக்கிழமை நான்கு மணி. ரெய்ஜி கடைக்குள் போனான். நாங்கள் நாலு பேரும் தூரிகை வாங்க வந்தவர்கள் மாதிரி அலமாரிகளுக்குப் பின்னால் நின்றோம். ஷிமோடா ஒரு தூரிகையைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு அதை ஆராய்ந்துகொண்டிருந்தார்.

லுவானா தலை தாழ்த்தி வணங்கினாள். ரெய்ஜியும் வணங்கினான். பிறகு அவள் பேனாவை நீட்டி, அந்த ஆரஞ்சை இன்னொரு முறை வரைந்து காட்டச் சொன்னாள்.

இது எங்களுக்குத் தோன்றவே இல்லை.

ரெய்ஜி பேனாவை உளி மாதிரிப் பிடித்து ஒன்றை வரைந்தான். அது உருளைக்கிழங்கு மாதிரி இருந்தது. அதையும் யாரோ மிதித்த மாதிரி. அவனுடைய காது இரண்டும் சிவந்துபோயின.

லுவானா அந்த உருளைக்கிழங்கைப் பார்த்தாள். அவன் காதுகளைப் பார்த்தாள். எங்கள் பக்கமும் ஒரு பார்வை வந்து போனது. அவள் முகம் ஒரு கணம் வாடியது எனக்குத் தெரிந்தது. நாளைக்கு அழுகப் போகும் பழத்தை வாங்கிவிட்டவர்களின் முகம் அப்படித்தான் இருக்கும்.

ஆனால் அவள் சொன்னது இதுதான்: "நன்று. வாருங்கள், தெருவைச் சுற்றி வருவோம்."

அதற்குப் பிறகு நடந்ததை ரெய்ஜிதான் எங்களுக்குச் சொன்னான், வெகுநாள் கழித்து.

இரண்டு பேரும் மழைச் சத்தத்துக்கு அடியில் மெதுவாக நடந்தார்களாம். லுவானா சரக்கையே பார்க்கவில்லை, விலைச்சீட்டுகளைத்தான் பார்த்தாள். என் கடை முன்னால் நின்றாள். நான் பூஜ்யம் போட்டால் மேலே வலப்பக்கம் கொஞ்சம் மூடாமல் விட்டுவிடுவேன், அவசரக் கை. தாளில் இருந்த ஆரஞ்சும் அதே இடத்தில் மூடவில்லை. ஃபுமியேயின் பலகையில் ஓர் ஆக்டோபஸ், அதே கண்ணைச் சிமிட்டியது. குளியலகத் திரைச்சீலையில் மூன்று நெளிந்த கோடுகள். குடைக்கடை வாசலில், எழுத்துக்கு எழுத்து, தாளில் இருந்த குடையின் பிடி மாதிரியே வளைந்த கொக்கிகள்.

அவள் அங்கேயே நின்றுவிட்டாள். ரெய்ஜிக்குத் தாங்க முடியவில்லை.

"அது நான் இல்ல. எங்கம்மாவும் இந்தப் பெருசுங்களும்தான். நான் வந்தா ஒரு வாரம் மணிச்சட்ட வகுப்பு கிடையாதுன்னாங்க" என்று கொட்டிவிட்டான்.

லுவானா, "ஒருவர் என்று எண்ணியிருந்தேன்" என்றாள். பிறகு விரல் விட்டு எண்ணினாள். "நால்வர்." அவள் வாய் மெல்ல ஒரு பக்கமாகக் கோணிச் சிரித்தது. "இதை அவர்களிடம் சொல்லிவிடாதீர். உம் விடுமுறை போய்விடும்."

அன்று சாயந்திரம் அவள் அவனுக்குக் கபிபரா வரையக் கற்றுக்கொடுத்தாள். ஏழாவது கபிபராவுக்கு முகம் வந்ததாம்.

சனிக்கிழமை விடிந்தபோது மழை விட்டிருந்தது. கடையைத் திறக்கப் போனேன். கதவு இடுக்கில் விலைச்சீட்டு அளவில் ஒரு அட்டை செருகியிருந்தது. அதில் ஒரு கபிபரா வெந்நீரில் மூழ்கிக் கண்மூடிக் கனவு கண்டுகொண்டிருந்தது. தலையில் ஆரஞ்சு. நான் வாங்கும் அதே தூரிகைப் பேனா, மேலே வலப்பக்கம் மூடாத அதே வட்டம்.

தண்ணீர் மட்டும் பேனாவால் வரைந்ததில்லை. அது அந்த நீலம். அட்டையைச் சாய்த்தால் கல்பொடி மினுங்கியது. ஆறு அசைகிற மாதிரி இருந்தது.

எதிரே ஃபுமியேயும் கையில் ஒரு அட்டையோடு நின்றாள். நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். பிறகு எல்லாரும் நிஷிவாக்கி அக்காவின் கடைக்கு ஓடினோம். தோகுரா குளியலகச் செருப்போடு வந்தார்.

கல்லா மேலே நீலக் குப்பி காலியாக நின்றது. முந்தின நாள் இரவு லுவானா தட்டில் பசைநீர் ஊற்றி, விரல் நுனியால் பொடியைக் குழைத்து, ஆறு அட்டைகளுக்கும் வண்ணம் தீட்டி முடித்துவிட்டாள் என்றாள் அக்கா. எங்களுக்கு நான்கு, அக்காவுக்கு ஒன்று, ரெய்ஜிக்கு ஒன்று.

பெட்டியோடு லுவானா இறங்கி வந்தாள். வேறு குப்பி தருவதாக அக்கா சொன்னாள். ஒன்றில்லை, மூன்று என்றேன் நான். ஷிமோடா ஒரு குடையையும் சேர்த்தார். ஃபுமியே அவள் பையில் மிட்டாயைக் கைப்பிடி கைப்பிடியாகத் திணித்தாள். லுவானா எல்லாவற்றுக்கும் தலையசைத்து மறுத்தாள், மிட்டாயைத் தவிர.

பிறகு கல்லாவுக்குப் பக்கத்தில் இருந்த அந்த எழுதிப் பார்க்கும் தாளைக் காட்டினாள். தொட்டியும் ஆவியும் ஆக்டோபஸும் குடையும், ஓரத்தில் ரெய்ஜியின் உருளைக்கிழங்கும் இருந்த தாள்.

"ஆறு படம் குடுத்திருக்கேன். அந்தத் தாளை எனக்குக் குடுங்க" என்றாள். இரண்டு வாரம் எங்கள் தெருவில் திரிந்த பாடம் அவள் வாயில் அப்படியே வந்தது. "கொஞ்சம் பாத்துப் போட்டுக் குடுங்க, அக்கா."

நிஷிவாக்கி அக்கா அந்தத் தாளைச் சுருட்டி, நாடா கட்டி, இரண்டு கையாலும் கொடுத்தாள். சுருளுக்குள் ஒரு நீலக் குப்பி போனதை நான் பார்த்தேன். லுவானா பார்க்கவில்லை. எங்கள் ஊரில் கொசுறு என்பதைக் கேட்டு வாங்க வேண்டியதில்லை.

அந்த அட்டையை நான் பழக்கூடைக்கு நடுவில், விலைச்சீட்டுகளோடு செருகி வைத்திருக்கிறேன். வருகிறவர்கள் குனிந்து பார்த்து, இது என்ன விலை என்று கேட்கிறார்கள். பேரம் பேசிப் பாருங்கள் என்கிறேன். பேசுகிறார்கள். நானும் சளைக்காமல் பேசுகிறேன். அதற்குள் அட்டையில் வெளிச்சம் பட்டு, தண்ணீர் ஒரு முறை மினுங்கும். அவர்கள் பேச்சை மறந்து கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நிற்பார்கள்.

கடைசியில் ஒரு கிலோ கமலா ஆரஞ்சை வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள்.