ஒருவருக்கு மட்டும் மூச்சு

மலையூரான டாவோஸுக்கு மேலே, பைன் மரங்களுக்கு நடுவே இருந்த அந்தக் கட்டடம் ஒரு காலத்தில் கசநோயாளிகளுக்கான மருத்துவமனை. இப்போது அதை விடுமுறைக்கு வருபவர்களுக்கு வாடகைக்கு விடுகிறார்கள். ஹரிஷாவும் அவள் கணவன் யூட்டும் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அங்கே போய்ச் சேர்ந்தார்கள். அதற்குள்ளேயே மூடுபனி இறங்கிவிட்டிருந்தது.

ஹரிஷா ஆரா என்ற ஊரில் ஒரு உயர்நிலைப் பள்ளியில் தத்துவம் கற்பிப்பவள். இருத்தலியம் பற்றிப் பேச ஆரம்பித்தால் சாப்பாடு ஆறிப்போகும். யூட் மன்னார்க் கத்தோலிக்கக் குடும்பத்துப் பிள்ளை. றயில் திருத்தும் பட்டறையில் வேலை, ஞாயிறு தவறாமல் பூசை. வருகிற வழியெல்லாம் இருவருக்கும் வாக்குவாதம்.

"கடவுள் இல்லை எண்டால் மனுசன் என்னத்தைப் பிடிச்சுக்கொண்டு நிக்கிறது?"

"ஒண்டையும் இல்லை. பிறக்கேக்க ஒருத்தரும் நல்லவரும் இல்லை, கெட்டவரும் இல்லை, யூட். என்ன செய்யிறமோ அதுதான் நாங்கள்."

"உயிர் போற நேரத்தில செய்யிறதுமோ?"

"முக்கியமா அதுதான்," என்று சிரித்தாள் ஹரிஷா.

அவர்கள் எடுத்த பகுதியில் இரண்டு அறைகள். இரண்டுக்கும் தனித்தனிப் பலகணி. நோயாளிகளைப் போர்வையால் சுற்றி வெயிலில் கிடத்திய இடங்கள் அவை. இரண்டு பலகணிகளுக்கும் நடுவே ஆளுயர மரப்பலகைத் தடுப்பு. யூட் பெட்டியோடு ஒரு அறைக்குள் போனான். ஹரிஷா மற்ற அறையின் கண்ணாடிக் கதவைத் திறந்து அதன் பலகணிக்கு வந்தாள்.

பள்ளத்தாக்கு தெரியவில்லை. ஊரே இல்லாததுபோல் வெள்ளை. கீழேயிருந்து ஒரு பேருந்தின் சத்தம் வந்து, பஞ்சுக்குள் புதைந்ததுபோல் நின்றது. பிறகு ஈரக் கம்பளியின் நாற்றம் வந்தது. அதற்கடியில் மருந்துத் தண்ணீர். அதற்கும் அடியில், பழைய இரத்தம்.

பின்னால் கதவு மூடிக்கொண்டது.

இழுத்தாள். அசையவில்லை.

தடுப்புப் பலகைக்கு அருகே யாரோ இருமினார்கள். நெஞ்சுக்குள் சேறு புரள்கிற இருமல்.

"யூட்?"

"நானும் வெளியிலதான் நிக்கிறன்," என்று அந்தப் பக்கமிருந்து அவன் குரல் கேட்டது. "கதவு பூட்டுப்பட்டுப் போச்சு. இருமினது நீரோ?"

அவள் பதில் சொல்ல வாய் திறந்தாள். காற்று உள்ளே போகவில்லை.

மறுபடி மூச்சை இழுத்தாள். மூச்சு தொண்டையிலேயே முறிந்தது. யாரோ ஈரத் துணியை விரலால் திணிப்பதுபோல் இருந்தது. பலகையின் அந்தப் பக்கமும் நகங்கள் மரத்தைப் பிறாண்டின.

அப்போது காதோடு ஒட்டி ஒரு குரல் கேட்டது. குளிர்ந்த, பொறுமையான குரல்.

"ஒருவருக்கு மட்டும் மூச்சு இருக்கு. ஆருக்கு?"

ஹரிஷா தலையை ஆட்டினாள். சொல்ல மாட்டேன். வாயை இறுக்கி மூடிக்கொண்டாள்.

"சும்மா இருக்கிறதும் ஒரு முடிவுதானே, ரீச்சர்?"

கண்ணுக்குள் கறுப்பு ஊறியது. இத்தனை வருடம் படித்ததில் ஒரு வரிகூட அருகில் வரவில்லை. கணவனின் முகமும் வரவில்லை. நெஞ்சு மட்டும் இருந்தது. காற்றுக் கேட்டு அலறுகிற நெஞ்சு.

"எனக்கு," என்றாள்.

அந்த நொடியிலேயே பலகைக்கு அப்பால் யூட்டின் உடைந்த குரலும் கேட்டது.

"அவவுக்குக் குடு."

காற்று திரும்பியது. இருவருக்கும்.

அது யாரையும் கொண்டுபோக வரவில்லை. பலகைக்குப் பக்கத்தில் மெல்ல இருமிற்று. இருமல் சிரிப்பாக மாறி, பனிக்குள் போய்த் தேய்ந்தது. கதவுகள் தாமாகத் திறந்தன.

அவர்கள் பெட்டியைக்கூட எடுக்காமல் காரில் ஏறி மலையிறங்கினார்கள்.

"நான் சொன்னது கேட்டதோ?" என்றாள் ஹரிஷா பாதி வழியில்.

"ஓம்."

"மூச்சு நிண்டுபோச்சு, யூட். அது நான் இல்லை..."

அவன் பாதையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "செய்யிறதுதான் ஆள் எண்டு நீர்தானே சொன்னனீர்."

அதற்குப் பிறகு அவன் அதைப் பற்றிக் கதைக்கவே இல்லை. கோபிக்கவும் இல்லை. காலையில் அவளுக்குத் தேநீர் போட்டுக் கொடுத்தான். குளிருது, சால்வையைப் போடும் என்றான். அவள் குடித்து முடிக்கும்வரை எதிரே இருந்து பார்ப்பான். அந்தப் பார்வையில் வெறுப்பு இருந்தால் தாங்கியிருப்பாள். தெரியாத ஒருத்தியிடம் காட்டும் மரியாதைதான் அதில் இருந்தது. தங்கள் வீட்டுக்குள் அவள் ஒளிய ஒரு மூலையும் இல்லை.

பனிக்காலம் முடியுமுன் யூட் மெலிந்துபோனான். மருத்துவர்கள் நுரையீரலைப் படம் பிடித்துப் பார்த்து, ஒன்றுமில்லை என்றார்கள். வேலைக்கு லீவு போட்டு வீட்டில் படுத்திருந்தான்.

ஒரு காலை, பள்ளி இடைவேளையில், ஆசிரியர் அறையிலிருந்து ஹரிஷா அவனுக்குப் போன் எடுத்தாள்.

"சாப்பிட்டியளோ?"

மறுமுனையில் மூச்சு மட்டும் கேட்டது. பிறகு யூட் மிகத் தாழ்ந்த குரலில் கேட்டான்.

"ஆர் கதைக்கிறது?"

"நான்தான். ஹரிஷா."

"ஹரிஷா இப்பதான் வீட்டுக்கு வந்தவ," என்றான் அவன். "எனக்குப் பக்கத்தில இருக்கிறா."

அவனுக்குப் பின்னால் யாரோ இருமினார்கள்.