ஐந்து துண்டு மீன்

ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டியிருந்த வாரச் சாப்பாட்டுத் தாளைப் பர்ரென்று கிழித்தெடுத்தாள் மாமியார். திங்கட்கிழமை காலை, மணி ஏழுகூட ஆகவில்லை. யாரும் இன்னும் ஒரு வாய் டீ முழுசாகக் குடிக்கவில்லை... அதற்குள் ஆரம்பித்துவிட்டது!

எல்லாம் ஒரு முட்டையால் வந்தது. "அண்ணி, இன்னொரு முட்டை கிடைக்குமா?" என்று கேட்டான் கொழுந்தன். போன் கடையில் நாள் பூரா நின்றுகொண்டே வேலை பார்க்கிறவன், பசிக்கத்தானே செய்யும்? "இன்னைக்கு ஆளுக்கு ஒண்ணுதாம்ப்பா, கட்டத்துல அப்படித்தான் போட்டிருக்கு" என்றாள் மருமகள். அவ்வளவுதான், மாமியாருக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது.

"கட்டமாம் கட்டம்! பெத்த பிள்ளைக்கு ஒரு முட்டை கொடுக்க மேனேஜரம்மாகிட்ட அனுமதி வாங்கணுமா? பத்து மாசமா இந்தத் தாளைப் பார்த்துப் பார்த்து என் வயிறு எரியுது!"

"அத்தை, வாரக் கடைசி வரைக்கும் வரணுமில்ல..."

"எங்களுக்குத்தானே அளவு? நாங்க எல்லாரும் சாப்பிட்டு எழுந்தப்புறம், அடுப்படிக் கதவைச் சாத்திக்கிட்டு நீ என்னத்தை வழிச்சுப் போட்டுக்கறேன்னு யாரு கண்டா?"

நாத்தனார், "அம்மா!" என்று அதட்டினாள். மருமகளின் எட்டு வயது மகள் முட்டையைக் கையில் பிடித்தபடி விழித்தாள். மருமகள் யாரையும் பார்க்கவில்லை, புருஷனை மட்டும்தான் பார்த்தாள். அந்த மனுஷன் டீத் தம்ளருக்குள் எதையோ தொலைத்துவிட்ட மாதிரி அதையே பார்த்துக்கொண்டிருந்தான். அந்த ஒரு பார்வை மட்டும் அன்று அவள் பக்கம் திரும்பியிருந்தால், அவள் பழையபடி எல்லாவற்றையும் விழுங்கியிருப்பாள். திரும்பவில்லையே!

பத்து மாதத்துக்கு முன்னால் அவன் வேலை பார்க்கும் வெல்டிங் பட்டறையில் வாரத்துக்கு நாலு நாள்தான் வேலை என்று சொல்லிவிட்டார்கள். அன்று சாயங்காலமே மாமியார், "பொண்ணை நர்ஸ் படிப்பிலேருந்து நிறுத்திடலாம்" என்றாள். நாத்தனார் மூலையில் உட்கார்ந்து தேம்பினாள். "அவ படிப்புல மட்டும் யாரும் கை வைக்காதீங்க. அடுப்படியை என்கிட்ட விடுங்க, நான் பார்த்துக்கறேன்" என்று அன்று முன்னால் வந்து நின்றவள் இந்த மருமகள்தான். அன்றிலிருந்து சனிக்கிழமை தவறாமல், முதலில் ஃப்ரிட்ஜைத் திறந்து பார்ப்பாள், அப்புறம் டப்பாக்களைக் குலுக்கிப் பார்ப்பாள், அதற்கப்புறம்தான் ஏழு கட்டம் போட்டு எழுத உட்காருவாள். திங்கட்கிழமை மிஞ்சிய அரை முட்டைக்கோஸ் செவ்வாய்க்கிழமை சூப்பில் போகும். ஞாயிற்றுக்கிழமை ரொட்டி புதன்கிழமை வறுபடும். இப்படி ஓட்டிய வீட்டில்தான் அவளுக்குத் திருட்டுத் தீனி பட்டம்!

அவள் கையை ஈரம் போகத் துடைத்தாள். பென்சிலை எடுத்து மாமியார் கையில் வைத்தாள்.

"இந்த வாரம் நீங்க எழுதுங்க அத்தை. நீங்களே வாங்குங்க, நீங்களே சமைங்க. நான் என் தையல் வேலையைப் பார்த்துக்கறேன், பாத்திரம் கழுவித் தர்றேன். ஆனா ஒண்ணு... இனிமே நான் தனியா சாப்பிட மாட்டேன். உங்க எல்லாரோடயும் உட்கார்ந்துதான் சாப்பிடுவேன். நான் என்ன சாப்பிடறேன்னு எல்லாரும் நல்லா பார்த்துக்குங்க!"

"ஏன், எனக்கு எழுதத் தெரியாதா?" என்று மாமியார் பென்சிலைப் பிடுங்கிக்கொண்டாள்.

முதல் இரண்டு நாள் வீடே கமகமத்தது! கோழி என்ன, கொழுந்தனுக்கு மூன்று முட்டை என்ன... ஃப்ரிட்ஜுக்குள் என்ன இருக்கிறது என்று பார்க்காமலேயே கடைக்குப் போனதில், ஏற்கெனவே இருந்த முட்டைக்கோஸுக்குத் துணையாக இன்னும் இரண்டு வந்து சேர்ந்தன. புதன்கிழமை அவியலும் முட்டைக்கோஸ், பொரியலும் முட்டைக்கோஸ். "அம்மா, நாளைக்கு முட்டைக்கோஸ்ல டீ போடுவியா?" என்று கேட்ட கொழுந்தனுக்குக் கரண்டியாலேயே ஒன்று விழுந்தது. மருமகள் நிமிர்ந்து உட்கார்ந்து, தன் தட்டில் விழுந்ததைச் சாப்பிட்டுவிட்டு எழுந்தாள்.

வியாழக்கிழமை மாமியாரின் கைப்பை காலி. வீராப்பு இருக்கிறதே, அது மட்டும் காலியாகவில்லை. மருமகளிடம் கேட்க வாய் வருமா? டிராயரில் கிளிப் போட்டு வைத்திருந்த பழைய தாள்களில் மேலே இருந்ததை யாருக்கும் தெரியாமல் உருவினாள். வியாழன்: மீன், உருளைக்கிழங்கு. பக்கத்தில் அளவும் இருந்தது. கொழுந்தனிடம் கைமாற்று வாங்கிக்கொண்டு போய், எழுதியிருந்தபடியே வாங்கி, எழுதியிருந்தபடியே சமைத்தாள்.

அன்று விடுமுறை நாள், மத்தியானம் வீட்டில் எல்லோரும் இருந்தார்கள். மாமியார் பெருமையாகப் பரிமாறினாள். மகனுக்கு ஒரு துண்டு, சின்னவனுக்கு ஒரு துண்டு, மகளுக்கு, பேத்திக்கு, தன் தட்டில் ஒன்று. மருமகள் தட்டுக்கு வந்தபோது கரண்டி சட்டியில் தட்டிச் சத்தம்தான் வந்தது.

"இதென்ன... ஒண்ணு குறையுது? நீ எழுதினபடிதானே வாங்கினேன்! அஞ்சு துண்டுன்னு உன் கையெழுத்துதானே?"

"ஆமா அத்தை. என் கையெழுத்துதான்."

"நாம ஆறு பேராச்சேம்மா" என்றான் கொழுந்தன் மெதுவாக.

நாத்தனார் எழுந்துபோய் டிராயரிலிருந்து மொத்தக் கட்டையும் எடுத்து வந்தாள். ஒவ்வொன்றாகப் புரட்டினாள். "முட்டை அஞ்சு... கோழித் துண்டு அஞ்சு... வாழைப்பழம் அஞ்சு..." அடியில் இருந்த முதல் தாளில் மட்டும் ஆறு என்று எழுதி, அடித்து, ஐந்து ஆக்கியிருந்தது. அவள் அதிலிருந்த தேதியைப் பார்த்தாள். "என்னை நிறுத்தலாம்னு சொன்னீங்களே, அந்த வாரம்மா இது! அண்ணி... என் படிப்புக்காகவா அண்ணி?"

கதவைச் சாத்திக்கொண்டு மருமகள் என்ன சாப்பிட்டாள் என்பது இப்போது எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. சட்டியில் ஒட்டியதை ரொட்டியால் துடைத்துச் சாப்பிட்டிருக்கிறாள். பத்து மாதம்!

"அடிப்பாவி... என் வாய் அழுகிப்போக! உன்னைப் போயி..." மாமியார் பதறித் தன் தட்டை மருமகள் பக்கம் தள்ளினாள். "இந்தாம்மா, இதைச் சாப்பிடு. எனக்கு வேணாம்..."

தட்டு திரும்பி வந்தது.

"உங்க துண்டு எனக்கு வேணாம் அத்தை. யாரும் பட்டினி கிடந்து எனக்குத் தர வேணாம். நான் செஞ்ச அந்தத் தப்பை நீங்களும் செய்யாதீங்க. எனக்குன்னு ஒரு துண்டு வேணும், அவ்வளவுதான்!" அவள் கண் நிறைந்தது, குரல் மட்டும் அசையவில்லை. புருஷன் பக்கம் திரும்பினாள். "நீங்க அன்னைக்கு டீயையே பார்த்துக்கிட்டு இருந்தீங்க. என்னை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்திருந்தா எனக்கு வயிறு நிறைஞ்சிருக்கும்."

"தப்புதான்... எனக்கு வெட்கமா இருந்துச்சு. என் சம்பளம் குறைஞ்சுதானே இதெல்லாம்..." என்றான் அவன். இந்த முறை அவளைப் பார்த்துச் சொன்னான்.

மாமியார் அவளைக் கட்டிக்கொண்டு விம்மினாள். மருமகளும் அழுதாள், பத்து மாதத்துக்கும் சேர்த்து. பிறகு மாமியார் மூக்கை உறிஞ்சிக்கொண்டு எழுந்தாள். யாரும் இன்னும் கை வைக்காத ஐந்து துண்டையும் சட்டியில் திரும்பப் போட்டாள். முள் எடுத்து, உதிர்த்து, கண்ணால் அளந்து ஆறு பங்காக்கினாள். முதல் பங்கு மருமகள் தட்டில் விழுந்தது.

"சனிக்கிழமை ரெண்டு பேருமா உட்கார்ந்து எழுதலாம்டீம்மா" என்றாள்.

"எழுதலாம் அத்தை. ஆனா முதல்ல ஃப்ரிட்ஜைத் திறந்து பார்த்துட்டுத்தான். எண்ணிக்கையை நீங்கதான் போடணும்."

புருஷன் எழுந்துபோய் எல்லோருக்கும் தண்ணீர் கொண்டுவந்து வைத்தான், ஆறு தம்ளர். அவள் மீனை எடுத்து வாயில் போட்டாள். சூடாக இருந்தது.