கோமளத்தின் தூக்கம்

அமுக்கு. விடு. அமுக்கு. விடு. கரடி கோமளத்தின் தொண்டைக்குள் இறங்கியிருந்த குழாயில் ரப்பர் பையை மாட்டி, இரண்டு கைகளாலும் அழுத்திக்கொண்டிருந்தாள் டாக்டர் குளோரியா. கரண்ட் போய் மூச்சு கொடுக்கும் மெஷின் நின்ற நொடியில், அதன் குழாயைக் கழற்றி வீசிவிட்டு இந்தப் பையைச் செருகியவள் அவள்தான். எலெக்ட்ரானிக் சிட்டி தாண்டியிருந்த அந்தச் சின்ன மிருகக்காட்சிசாலையில் ஜெனரேட்டரும் கிளம்பவில்லை. வயிறு இறுகாமலிருக்கத் தசை தளர்த்தும் ஊசி போட்டிருந்ததால் கோமளத்தால் தானாக மூச்சு விட முடியாது. இவள் கை ஓய்ந்தால் அவள் உயிர் போய்விடும்.

ஏதோ ஒன்று குறைந்தது. தகரக் கூரையை அறையும் மதிய மழை, நனைந்த கரடி மயிரின் வாடை, டெட்டால், ரத்தம், எல்லாம் இருந்தன. ஆபரேஷன் நடக்கும்போது இந்த அறையில் மிதக்கும் மெல்லிய இனிப்பு வாசனை மட்டும் இல்லை.

மழைக்காற்று கொண்டுபோயிருக்கும்.

டார்ச் வெளிச்சத்தில், அடைத்திருந்த குடலைத் தேடி தலைமை டாக்டர் சேஷகிரி சார் கத்தியை ஆழமாக இறக்கினார். பேட்டரியில் ஓடிய இதய மானிட்டரின் 'பீப்' ஓட்டமெடுத்தது. கையை எடுத்தார். அடங்கியது.

"சார், அவளுக்கு வலிக்குதோ?"

"சும்னே, சும்மா பயப்படாத குளோரியா. ஒரு விரலாவது அசையுதா பாரு. உங்க விவேக் நகர் கிறிஸ்மஸ் பிரியாணி சாப்பிட்டவ மாதிரி தூங்கறா."

அசையவில்லைதான்.

குட்டியாக வந்த நாளிலிருந்து இவள் புட்டிப்பால் கொடுத்து வளர்த்த கோமளம். இவள் குரல் கேட்டால் பாதத்தைச் சப்பிக்கொண்டே முனகுவாள். குளோரியா அவள் காதருகே குனிந்தாள்.

"அம்மா இங்கதான்டி இருக்கேன்."

பீப் இன்னும் வேகமெடுத்தது.

கோமளத்தின் கண்களை மூடியிருந்த துண்டில் ஈரம். இரண்டு வட்டங்கள். நிமிர்ந்து பார்த்தாள். கூரை ஒழுகவில்லை.

கத்தி. பீப். பீப். பீப்.

அமுக்கு. விடு.

வட்டங்கள் பெரிதாயின.

சட்டென்று வெளிச்சம். மெஷின் உறுமியது. கழற்றிப் போட்ட குழாயிலிருந்து சீறி வந்து அவள் முகத்தில் அறைந்தது அந்த இனிப்பு வாசனை.

மயக்க வாயு.

அது மெஷின் வழியாக மட்டும்தான் வரும். இவ்வளவு நேரம் அவள் அமுக்கிக் கொடுத்தது வெறும் காற்று. முதலில் போட்ட மயக்க ஊசி எப்போதோ தீர்ந்திருக்கும். தளர்த்தும் ஊசி உடம்பைக் கட்டிப்போடும். தூங்க வைக்காது.

சாரை நிமிர்ந்து பார்த்தாள். அவர் குனிந்து வெட்டிக்கொண்டிருந்தார்.

ஒரு கையால் பையை அமுக்கியபடி, மறுகையால் துண்டை விலக்கினாள்.

கண்கள் திறந்திருந்தன. விளக்கு பட்டதும் கண்மணிகள் சுருங்கின.

"கோமளம்?"

பெயரைக் கேட்டு, அவை மெல்ல விரிந்தன.