புதன்கிழமை முட்டை

செனாயித் உதவி கேட்டு வந்தவள் மாதிரியே இல்லை, சண்டைக்கு வந்தவள் மாதிரி இருந்தாள். இரண்டு தாள்களை செலெக்கேயின் மேசைமேல் போட்டாள். ஒன்று, மருத்துவ ஊட்டச்சத்தியல் முனைவர் பட்ட ஆய்வைத் தானே விலக்கிக்கொள்வதாக அவள் கையெழுத்திட வேண்டிய கடிதம். மற்றது, அவள் பொய்த் தகவல் எழுதினாள் என்று நிரூபிப்பதாகச் சொல்லும் பட்டியல்.

“மத்தியானத்துக்குள்ள கையெழுத்துப் போடணுமாம். இல்லேன்னா பல்கலைக்கழகத்தை விட்டே துரத்துவாங்களாம். துரத்தட்டும். போடமாட்டேன்.”

செலெக்கே இருபது வருடம் போலீஸில் இருந்துவிட்டு, இப்போது அடிஸ் அபாபாவின் ஒரு மருத்துவமனையில் நோயாளிக் கோப்புகளைப் பார்த்துக்கொள்கிறவர். செனாயித்தை அவரிடம் இழுத்துவந்தவள் காசநோய் வார்டு நர்ஸ் மிந்துவாப். துப்புத் துலக்குவது என்றால் அவளுக்குச் சோறு தண்ணீர் வேண்டாம்.

“விரதம் இருக்கிற காசநோயாளியும் மத்த நாள்ல நல்லாச் சாப்பிட்டா எடை ஏறும்னு இவ கண்டுபிடிச்சிருக்கா, அண்ணே. ஏறவே ஏறாதுன்னு பத்து வருஷமா பாடம் நடத்துறவர் டாக்டர் வொர்க்கு. இப்ப அவர்தான் புகார் கொடுத்திருக்கார். இறைச்சி, முட்டை, பால் எதுவும் தொடக்கூடாத புதனும் வெள்ளியும் விரதக்காரங்க முட்டையும் பாலும் சாப்பிட்டதா இவ எழுதியிருக்காளாம். எவனோ தாளை மாத்திட்டான். அலமாரிப் பூட்டுல கைரேகை எடுப்போமா?”

“பூட்டு பாவம், விடு” என்றார் செலெக்கே. பட்டியலில் தாள்களின் வரிசை எண்கள் 3, 5, 10, 12, 17, 19 என்று தாவித் தாவிச் சென்றன. “நடுவுல இருக்கிறதெல்லாம் எங்கேம்மா?”

“தப்பானதை மட்டும் எடுத்துப் போட்டாராம். ஒரு நாளைக்கு ஒரு தாள் எழுதினேன், எல்லாம் டீன் அலமாரியில பூட்டியிருக்கு. எந்தத் தாளும் மாறலை. நோயாளிங்க சாப்பிட்டதா சொன்னதைத்தான் எழுதினேன்.”

“தேதி?”

“நான் போட்டது நம்ம எத்தியோப்பியத் தேதி, திக்கிம்த் மாசம். வெளிநாட்டுத் தேர்வாளருக்காக டாக்டரே அதை அவங்க ஆங்கிலத் தேதிக்கு மாத்தினார். அதை வச்சுக் கிழமையைக் கம்ப்யூட்டர் போட்டுச்சு.”

செலெக்கே காப்பியை நிதானமாக ஒரு மிடறு குடித்தார். “மிந்துவாப், இந்தப் புத்தாண்டுக்கு முன்னாடி பகுமேல எத்தனை நாள்?”

“நம்ம பதிமூணாவது மாசத்துக்கா? எப்பவும் அஞ்சு. நாலு வருஷத்துக்கு ஒருக்கா வர்ற ஆறாவது நாளும் இந்தத் தடவை வந்துது. அன்னிக்கும் என்னைத்தான் டூட்டி போட்டாங்க, மறப்பேனா?”

அவர் ஒரு துண்டுக் காகிதத்தில் எதையோ எழுதி, மடித்து அவள் கையில் கொடுத்தார். மூவரும் டீன் அறைக்குப் போய்ச் சேரும் வரைக்கும் அதைப் பிரிக்காமல் இருப்பது மிந்துவாப்புக்குப் பெரும்பாடாக இருந்தது.

டீன் ரஹேலின் மேசைக்கு எதிரே டாக்டர் வொர்க்கு கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார். “கோப்பறைக்காரருக்கு இங்க என்ன வேலை?”

“கோப்பு தேடுற வேலைதான், டாக்டர். உங்க பட்டியல்ல விட்டுப்போன ஆறு தாள் வேணும்.”

மிந்துவாப் காகிதத்தைப் பிரித்து உரக்கப் படித்தாள். “ரெண்டு, நாலு, ஒன்பது, பதினொண்ணு, பதினாறு, பதினெட்டு. இதுல முட்டை, பால், இறைச்சி எதுவும் இருக்காது.”

டீன் அலமாரியைத் திறந்து ஒவ்வொன்றாக எடுத்தார். கடலை மாவுக் குழம்பு. பருப்பு. முட்டைக்கோஸ். ஆறு தாளிலும் அதேதான்.

“டாக்டர் கணக்குப்படி இதெல்லாம் செவ்வாயும் வியாழனும்” என்றார் செலெக்கே. “செவ்வாயும் வியாழனும் விரதம் இருக்கிற ஊர் எது, டாக்டர்?”

செலெக்கே டீன் பக்கம் திரும்பினார்.

“பகுமேக்கு ஆறு நாள் வந்தா, நம்ம புத்தாண்டு அவங்க தேதியில ஒரு நாள் தள்ளிப் பிறக்கும். டாக்டர் எப்பவும் போடுற கணக்கையே போட்டுட்டார். அதனால எல்லாக் கிழமையும் ஒண்ணு முன்னால வந்துடுச்சு; வியாழன் புதனாச்சு, சனி வெள்ளியாச்சு. மூணாம் தாள்ல என்ன தேதி, அம்மா?”

“திக்கிம்த் எட்டு.” டீன் எழுந்து சுவர் நாள்காட்டியைப் பின்னுக்குப் புரட்டினார். அதில் இரண்டு தேதிகளும் பக்கத்துப் பக்கத்தில் அச்சாகியிருந்தன. அவர் விரல் நின்ற இடம் வியாழக்கிழமை.

“கை தவறிடுச்சு” என்றார் வொர்க்கு.

“ஒரு நாள் நழுவினது கை தவறினது. இந்த ஆறு தாளையும் பார்த்துட்டுப் பட்டியல்ல சேர்க்காம ஒளிச்சது கை தவறினது இல்லை. இவளை ஒழிச்சாத்தான் உங்க பத்து வருஷப் பாடம் தப்பிக்கும்னு நினைச்சீங்க.”

டீன் முகம் இறுகிவிட்டது. “உங்ககிட்ட அப்புறம் பேசறேன், டாக்டர். அந்தக் கடிதத்தைக் கிழிச்சுப் போடும்மா.”

செனாயித் கிழிக்கவில்லை. அதைத் திருப்பி வைத்து, வெற்றுப் பக்கத்தில் எழுதினாள்: செனாயித்தின் ஆய்வுத் தகவல்கள் உண்மை, அவள்மீது நான் சொன்ன புகார் பொய். தாளை வொர்க்குவின் முன்னால் தள்ளினாள்.

“மத்தியானத்துக்குள்ள கையெழுத்து வேணும், டாக்டர். தேதியும் போடுங்க. நம்ம தேதி.”

வொர்க்கு டீனைப் பார்த்தார். டீன் பேனாவை எடுத்து நீட்டினார். வொர்க்கு கையெழுத்துப் போட்டுவிட்டு நிமிர்ந்து, இன்றைக்கு என்ன தேதி என்று தாழ்ந்த குரலில் கேட்டார்.

மிந்துவாப் சுவரில் தொங்கிய நாள்காட்டியைக் காட்டினாள்.