ஒன்பதாவது ஜோடி

திங்கட்கிழமை காலை செருப்புத் தட்டின் ஒன்பதாவது அறையில் ஒரு ஜோடி இருந்தது. சனிக்கிழமை அவள் கிளம்பும்போது அந்த அறை காலியாகத்தான் இருந்தது.

கட்டட வரைபடம் போடும் அந்த அலுவலகத்தில் ஒரு வழக்கம். வெளிச்செருப்பை வாசலில் கழற்றிவிட்டு, சாம்பல் நிறத் துணிச்செருப்பை மாட்டிக்கொண்டுதான் உள்ளே போக வேண்டும். காகிதத்தில் தூசி படியக் கூடாதாம். துணிச்செருப்பு வேலை நிரந்தரமானவர்களுக்கு மட்டும். எட்டுப் பேர், எட்டு ஜோடி. அவள் பதினொரு மாதமாக அந்தச் சில்லிட்ட தரையில் வெறுங்காலோடு நடந்தாள். என் காலில் மட்டும் தூசி ஒட்டாதா என்று ஒருநாள் கேட்டுவிட்டாள். பதிலுக்குப் பட்டப்பெயர்தான் வந்தது. வெறுங்கால்.

செருப்பைக் கையில் எடுத்துப் பார்த்தாள். புதிதில்லை. இடது குதிகாலின் வெளிப்பக்கம் தேய்ந்திருந்தது. ஏழு வயதில், அம்மா செங்கல் சுமந்த இடத்தில், சாரப்பலகை விழுந்து நொறுங்கிய கால் அவளுடையது. அன்றிலிருந்து இடது காலை இழுத்துத்தான் வைப்பாள். உள்ளே விரல்கள் அழுந்திய பள்ளங்கள். கட்டைவிரலைவிட அடுத்த விரல் நீளம், அவளுக்கு இருப்பதைப் போலவே. பள்ளத்தில் கை வைத்தாள். சூடாக இருந்தது, யாரோ இப்போதுதான் கழற்றியதைப் போல.

"போட்டுக்கம்மா, உனக்குத்தான்" என்றார் பின்னால் வந்த தலைமை வரைவாளர்.

"யாரோ போட்டுத் தேய்ச்சது சார் இது."

"யாரோன்னா? உன் கால்தானே."

அவர் சிரிக்கவில்லை.

ஆசை இல்லாமல் இல்லை. அந்த ஒன்பதாவது அறையைப் பதினொரு மாதமாகப் பார்த்துக்கொண்டே உள்ளே போனவள் அவள். நிரந்தர உத்தரவு வெள்ளிக்கிழமை வரும் என்று பேச்சு. வந்தால் அன்றோடு அம்மா சாரம் ஏறுவதை நிறுத்த வேண்டும்; வாக்கு வாங்கி வைத்திருந்தாள். ஆனாலும் செருப்பை மாட்ட மனம் ஒப்பவில்லை. அடுத்தவர் தேய்த்ததற்கு நான் கால் கொடுப்பதா? தட்டிலேயே திருப்பி வைத்தாள்.

செவ்வாய்க்கிழமை மதியம், எட்டுப் பேரும் இருக்கையில் குனிந்திருக்க, குளிரூட்டியின் முனகலுக்கும் காகிதச் சரசரப்புக்கும் அடியில், வெளி நடையில் ஒரு துணிச்செருப்புச் சத்தம் போய்வந்தது. ஓர் அடி மெத்தென்று. ஓர் அடி இழுபட்டு. மெத்து, சர்ர். மெத்து, சர்ர். அவளுக்கு அந்த நடை தெரியும். பள்ளிக்கூடம் முழுக்க அதைச் செய்து காட்டித்தான் சிரித்தது.

எழுந்து போய்ப் பார்த்தாள். நடையில் ஒருவரும் இல்லை. தட்டில் ஒன்பதாவது அறை காலி.

புதன்கிழமை, அவள் பாதியில் விட்டுப்போன வரைபடம் முடிந்திருந்தது. அவள் கோடு, அவள் எழுத்து, மூலையில் அவள் கையெழுத்து. ஒன்றே ஒன்று இல்லை. மனை வரைபடம் எதுவானாலும் மூலையில் ஒரு சிறு கட்டம் போடுவாள்: கட்டி முடிக்கும்வரை வேலையாட்களுக்கு ஒரு கழிப்பறை, பக்கத்தில் ஒரு குழாய். யாரும் கேட்டதில்லை. ஒதுங்க இடமில்லை என்று பொழுது சாயும்வரை தண்ணீரே குடிக்காமல் கல் சுமந்தவளின் மகள், போட்டாள். ஒவ்வொரு முறையும் அழித்தார்கள், இடிக்கப்போகிற கக்கூசுக்கு என்ன இவ்வளவு பாசம் என்று கேலி பேசினார்கள். அவள் மறுபடி போட்டாள். இந்தத் தாளில் அழித்த தடமே இல்லை. அந்தக் கை அதைப் போடவே இல்லை.

"இப்பதான் நம்ம பொண்ணு மாதிரி இருக்க" என்று தோளில் தட்டினார் தலைமை வரைவாளர்.

வியாழக்கிழமை, பக்கத்து மேசைக்காரி அவளைப் பார்த்ததும் வாயைப் பொத்திச் சிரித்தாள். "நேத்து நீ சொன்னதுக்கு வீட்டுக்குப் போயும் சிரிப்பு நிக்கல. உங்கம்மா தலையில சும்மாடு இல்லாம தூங்கவே மாட்டாங்களாமே."

நேற்று அவள் வாயே திறக்கவில்லை.

அன்று சாயங்காலம் வாசலில் துடைப்பத்தை ஊன்றி நின்ற துப்புரவு அக்காதான் தரையைக் காட்டினாள். தட்டுக்கு எதிர்ச்சுவரை ஒட்டி, மங்கலாக, வெறுங்கால் தடங்கள். "எட்டு ஜோடி. தேய்ச்சுத் தேய்ச்சு என் கைதான் தேயுது. இவங்க எல்லாருமே முதல்ல வெறுங்காலோட வந்தவங்கதான், தெரியுமா உனக்கு? அப்படி வந்ததுங்க எங்க போச்சுன்னுதான் எனக்குத் தெரியல." குரலைத் தாழ்த்தினாள். "இன்னிக்கு ஒன்பதாவது விழுந்திருக்கு பாரு."

வரிசையின் கடைசியில் ஒரு ஜோடித் தடம். இடது குதிகால் இழுபட்டிருந்தது.

வெள்ளிக்கிழமை நான்கு மணிக்கே வானம் இருட்டி மழை பிடித்துக்கொண்டது. வழியில் தண்ணீர் தேங்கி, தலைமை வரைவாளர் தாள் கொடுத்துவர அனுப்பிய இடத்திலிருந்து அவள் திரும்ப ஐந்தாகிவிட்டது. வெளிச்செருப்பைக் கழற்றினாள். ஈரக் காகித வாடை. அறைக்குள் விளக்கு. சிரிப்பு. எட்டுப் பேரின் சிரிப்பும் ஒரே மூச்சில் எழுந்து ஒரே மூச்சில் அடங்கியது. பிறகு ஒரு குரல், அம்மாவைப் பற்றி.

அவள் குரல்.

கண்ணாடிக் கதவு வழியே பார்த்தாள். மேசையைச் சுற்றி ஒன்பது பேர். ஒன்பதாவது முதுகு. அவள் பின்னல். அவள் சட்டை. தலைமை வரைவாளர் உத்தரவை நீட்டினார். அந்தக் கை வாங்கிக்கொண்டது.

ஓடியிருக்கலாம். கால் துடித்தது. வாசல் நாலடியில். ஆனால் ஓடினால் இந்தச் சுவரோரம்தான். ஒன்பதாவது தடமாக. அதற்கா அம்மா அத்தனை செங்கல் சுமந்தாள்?

கதவைத் தள்ளினாள்.

சிரிப்பு நின்றது. ஒன்பதாவது முதுகு திரும்பியது. அவள் முகம். இழுபட்ட எதுவும் இல்லாத, வழவழப்பான, அவள் முகம்.

"நீ இன்னும் போகலையா?" என்றது, அன்பாக.

"நான் எதுக்குப் போகணும்? எங்கம்மாவப் பத்திப் பேச உனக்கு வாய் யாரு குடுத்தா? எந்திரி."

அது எழவில்லை. அவள் ஈரக்காலோடு நடந்தாள். பென்சிலை எடுத்தாள். நடுமேசையில் விரித்திருந்த வரைபடத்தின் மூலையில் போட்டாள். கட்டம். குழாய். தாள் கிழிகிற அளவுக்கு அழுத்தி.

ஒருவரும் அவளைப் பார்க்கவில்லை. எட்டுப் பேரும் அவளுக்குப் பின்னால் பார்த்தார்கள்.

கதவை அவள் சாத்தவில்லை.

தப். தப். வெறுங்கால்கள். நிறைய. பிடரியில் சில்லென்று மூச்சு. அவள் திரும்பவில்லை, நகர்ந்து வழிவிட்டாள்.

துடைத்து வைத்த தரையில் எட்டு ஜோடி ஈரத் தடங்கள், ஆள் இல்லாமல், ஒவ்வொன்றாக விழுந்துகொண்டே மேசையை நோக்கி வந்தன. நாற்காலிக்கு ஒன்றாகப் பிரிந்தன. மேசைக்கு அடியில் ஒன்பது ஜோடி சாம்பல் செருப்புகள் மெல்லப் பின்வாங்கின.