அட்டை எடுக்கும் வேளை

காலை ஏழரைக்கு மகனைப் பாட்டிலில் விட்டுவிட்டுத்தான் செண்பகவல்லி தினமும் வேலைக்குப் போவாள். அரசாங்கம் அதற்கு ‘அமைதி மேம்பாட்டு அறை’ என்று பெயர் வைத்திருந்தது. ஆறடிக்கு நான்கடி, ஒலி புகாத சுவர், பாடம் நடத்த ஒரு திரை. கொளத்தூர்ப் பெற்றோர் வாயில் அத்தனை நீளப் பெயர் நுழையவில்லை. பாட்டில் என்றே சொன்னார்கள்.

கதவு மூடுமுன் ஆதிரன் கேட்டான்: “பக்கத்து ரூம்ல யாரும்மா இருக்கா?”

“உன்னை மாதிரி ஒரு பையன்தான்டா.”

“அவன் பேரு?”

அது அவளுக்குத் தெரியாது. தெரிந்தாலும் சொல்லக் கூடாது என்பது விதி.

ஆதிரனுக்கு வயது எட்டு. பிறந்த அன்று எடுத்த ஒரு சொட்டு ரத்தத்தில் பரம்பரைக் கோபத்தை அளக்கும் சினமரபு எண் அவனுக்கு எழுபத்தொன்று என்று வந்தது. அறுபதைத் தாண்டினால் சிவப்புச் சான்று; அந்தப் பிள்ளையைத் தனியே வைக்க வேண்டும் என்பது சட்டம். எந்தக் கொள்ளுத்தாத்தா எந்தக் கல்யாணப் பந்தியில் அப்பளத்துக்குச் சண்டை போட்டாரோ, அதற்கு இவன் இரண்டு வருடமாகத் தனியே உட்கார்ந்து பெருக்கல் வாய்ப்பாடு படித்துக்கொண்டிருந்தான்.

இந்தச் சட்டம் முழுவதும் மீன்களின் மேல் நின்றது. சினமரபு ஆய்வகத்தின் இயக்குநர் முனைவர் குலோத்துங்கன், பட்டங்களுக்கு இடம் போதாமல் விசிட்டிங் கார்டின் பின்பக்கத்திலும் அச்சடித்தவர், இருபது வருடமாக ஃபைட்டர் மீன்களை இரண்டு வம்சமாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் தனிப் பாட்டிலில் வளர்த்துவந்தார். சண்டை வம்சத்து மீன் இன்னொரு மீனைக் கண்டால் செவுளை விரித்துக்கொண்டு பாயும். சாந்த வம்சத்து மீன் பார்த்துவிட்டுத் திரும்பிக்கொள்ளும். வருடத்துக்கு ஒருமுறை அமைச்சர் வந்து இதைக் கண்டு வியப்பார். ரத்தத்தில் இருப்பதுதான் குணம் என்று இயக்குநர் பேசுவார். கைதட்டல், பிறகு முந்திரி கேக்.

மீன்களுக்குத் தீனி போட்டு, தண்ணீர் மாற்றி, பாட்டில் கழுவுபவள் செண்பகவல்லி. ஃபைட்டர் வளர்க்கும் குடும்பத்தில் பிறந்தவள். சேர்ந்த வருடமே அவள் ஒன்றைக் கவனித்தாள். சண்டை வம்சத்துப் பாட்டில்களுக்கு நடுவே அட்டை இருந்தது, ஒன்றையொன்று பார்த்துவிடாதபடி. சாந்த வம்சத்துக்கு அட்டை இல்லை. சண்டை போடாத மீனுக்கு அட்டை எதற்கு என்று யாரோ மிச்சம் பிடித்திருந்தார்கள். தனிமையில் வளர்ந்த மீன் முதல் முகத்தைக் கண்டதும் பாயும் என்பதும், பிறந்ததிலிருந்து பக்கத்து மீனைப் பார்த்தே சலித்துப்போன மீன் பாயாது என்பதும் கொளத்தூரில் மீன் விற்கும் எவருக்கும் தெரியும். விசிட்டிங் கார்டின் பின்பக்கத்திலும் பட்டம் அச்சடித்தவருக்குத் தெரியவில்லை.

இந்த வருடம் அமைச்சர் வரும் விழாவுக்கு ஆறு வாரம் முன்பே அவள் அட்டைகளை இடம் மாற்றத் தொடங்கினாள். சாந்த வம்சத்துக்கு உடனே வைத்தாள். சண்டை வம்சத்துக்கு ஒரேயடியாக எடுக்க முடியாது; மீன் கண்ணாடியில் முட்டியே செத்துப்போகும். முதல் நாள் பத்து நிமிடம். மறுநாள் இன்னொரு பத்து. கையில் கடிகாரத்தோடு நின்று எடுத்து, நேரம் முடிந்ததும் திரும்ப வைத்தாள்.

விழாவன்று அமைச்சர் முன்வரிசையில் இருந்தார். கேமராக்கள் தயார். சாந்த வம்சத்து மீன்கள் இரண்டை இயக்குநர் ஒரே தொட்டியில் விட்டார். விட்ட கையை எடுப்பதற்குள் ஒன்றின் வால் கிழிந்து மிதந்தது. அடுத்த தொட்டியில் சண்டை வம்சத்து மீன்கள் ஒன்றையொன்று பார்த்துவிட்டு, கல்யாண வீட்டில் பேச்சு வார்த்தை இல்லாத சம்பந்திகள் மாதிரி ஆளுக்கொரு மூலைக்குப் போயின.

மண்டபத்தில் ஒருவரும் கேக்கைத் தொடவில்லை.

இயக்குநர் அவளைப் பக்கத்து அறைக்குத் தள்ளிக்கொண்டு போய்க் கதவைச் சாத்தினார்.

“என்ன பண்ணித் தொலைச்சே?”

“அட்டைய மாத்தினேன் சார். மீன் அதேதான். ரத்தத்துல ஒண்ணுமே இல்லேன்னு சொல்லல. ரெண்டு மீன் அட்டை எடுத்தப்புறமும் அடங்கல. மிச்சமெல்லாம் அடங்கிடுச்சு. நாமதான் சார் அதுங்கள வெறியாக்கினோம்.”

“உன் பையன் சிவப்புல்ல?” குரல் சட்டென்று தணிந்தது. “கேளும்மா. பாட்டில் லேபிள் மாறிப்போச்சுன்னு எழுதிக் குடு. சோதனை சரி, வம்சம் சரி, லேபிள் ஒட்டினதுதான் தப்பு. ஒரு லேபிள் மாறும்னா ஒரு சான்றும் மாறியிருக்கலாம். புரியுதா?”

“நாளைக்கே வெளிய விட்டுடுவீங்களா?”

“காலைலயே.”

“மத்த புள்ளைங்க?”

“வெளிய அமைச்சர் காத்திருக்கார். மத்த புள்ளைங்களா, உன் புள்ளையா?”

அவள் கண்ணாடி வழியே மண்டபத்தைப் பார்த்தாள். அத்தனை கேமரா. கதவைத் திறந்து ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஆதிரனுக்குப் பக்கத்து அறையில் இருக்கும் பையனின் பெயரைக்கூட அவள் அறிந்ததில்லை. கையெழுத்துப் போட்டாள்.

மறுநாள் ஆதிரனுக்குப் புதுச்சட்டை. பொது வகுப்பு, முப்பத்தெட்டுப் பிள்ளைகள். அந்தச் சத்தத்தைக் கேட்டு வாசலிலேயே அவன் அவள் விரலை இறுக்கினான். அவள் சிரித்துக்கொண்டே விரலை உருவிக்கொண்டாள்.

பதினோரு மணிக்குத் தலைமையாசிரியை அவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டார்.

“பக்கத்துல உக்காந்த பையன் ரப்பர் வேணுமான்னு கேட்டு அவன் பக்கம் குனிஞ்சிருக்கான். அவ்வளவுதாம்மா. உங்க பையன் அவன் காதைக் கடிச்சுட்டான். நாலு தையல்.”

“ஆதிரன் எங்க?”

“பழைய ரூம்ல. பிடிச்சு உள்ள போட நாலு பேர் ஆச்சு.” முந்தின நாள் அவள் எழுதிக்கொடுத்த தாளின் நகலை அவர் மேசைமேல் அவள் பக்கம் திருப்பி வைத்தார். “இயக்குநர் சாரே பேசினார். திருத்தம்தான் தப்பாம், பழைய எண்தான் சரியாம். இனிமே அப்பீலும் கிடையாது. சோதனையில பிழையே வராதுன்னு நீங்களே கையெழுத்துப் போட்டிருக்கீங்களே.”

செண்பகவல்லி தன் கையெழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“பத்து நிமிஷம்,” என்றாள்.

“என்னம்மா?”

“மொத நாள் பத்து நிமிஷம்தான் விட்டிருக்கணும்.”

“எதை?” என்று கேட்டார் தலைமையாசிரியை.